பஸ் முழுக்கப் பார்த்தும் சாட்சி இல்லை

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் தோன்றியது போன தை மாதம், டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், ஒரு கண்மாய்க் கரைமேல். “டிரைவர் குடிச்சிருந்தானா, இல்லையா?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். என்னோடு பஸ்ஸில் வந்த ஒருவரும் உண்மையைச் சொல்ல முன்வரவில்லை. சட்டம் கேள்விதான் கேட்கும், பதில் நாம்தானே சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம். எங்கள் பக்கத்து பஸ்களெல்லாம் கரியில் ஓடுகின்றன. வண்டிக்குப் பின்னால் ஓர் உருளை. அதில் கரியைக் கொட்டி, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால்தான் தீப்பிடித்து வண்டி கிளம்பும். அதற்கு வெகுநேரம் ஆகும். கல்லூரியில் படிக்கிற எனக்கு யந்திரமென்றால் பைத்தியம். ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இடைவேளையில் டிரைவர் பக்கத்துக் கள்ளுக்கடைக்குப் போவது வழக்கமாம். கரிப்புகை தொண்டையை அறுக்கும், கள் இறங்கினால் சரியாகிவிடும் என்று பிரயாணிகளே நம்புகிறார்கள். மதுரை சிம்மக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பிரயாணி, “அண்ணே, நீங்க போயி நல்லா நனைச்சுட்டு வாங்க. வண்டிய நாங்க சுத்துறோம்!” என்று அவரை அனுப்பிவைத்தார். நான் கண்டக்டரிடம், “குடிச்சுட்டு ஓட்டலாமாண்ணே?” என்று கேட்டேன்.

“தம்பி, அவரு குடிக்காட்டித்தான் வண்டி கோணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண்மாய்க் கரையில் ஏறும்போதே பஸ் இரண்டு தரம் ஓரத்துக்கு இழுத்தது. முன்னால் பருத்திப் பொதி ஏற்றிய ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அடித்தார், பிரேக்கை மிதிக்கவில்லை. மரம் முறிகிற சத்தம். பொதிகள் சரிந்தன. ஒரு மாடு அங்கேயே விழுந்து செத்தது. வண்டிக்காரரின் வலதுகால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த அவர் மனைவி அலறவில்லை. உட்கார்ந்து, அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “எந்திரிங்க, மாடு கெடக்கு பாருங்க, எந்திரிங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனங்கள் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். முதல் அடி அடித்தவர் அந்த ஜவுளிக்கடைக்காரர்.

“போயி நனைச்சுட்டு வான்னு அனுப்புனது நீருதானய்யா! இப்ப அடிக்கவும் வாரீரா?” என்று கீழே கிடந்த டிரைவர் கத்தினார்.

மறுபடி ஓங்கிய கையை இறக்கிவிட்டு, அவர் வண்டிக்காரருக்குத் தண்ணீர் கொண்டுபோனார்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. ஓர் ஆள் சைக்கிளில் திருமங்கலம் போலீசுக்குப் போயிருந்தார். அதற்குள் கண்டக்டர் டிரைவரைக் கண்மாயில் இறக்கிக் குளிப்பாட்டி, கள் வாடை போக வெற்றிலையும் கிராம்பும் மெல்லக் கொடுத்தார். எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஒரு லாரியோடு வந்து சேர்ந்தபோது டிரைவர் தலைதுவட்டிக்கொண்டு, சாதுவாக நின்றார்.

“குடிச்சாரான்னு தெரியாதுங்க. மாடு மிரண்டு குறுக்க வந்துருச்சு” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“எங்க மாடு மிரளாதுங்க சாமி” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

நான் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். “குடிச்சிருந்தாருங்க. நாங்கதான் அனுப்பி வச்சோம். அவர் வர்ற வரைக்கும் நான்தான் சுத்திக்கிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டேன்.

“படிக்கிற புள்ள, கோர்ட்டுக்கு எம்புட்டு நாள் அலையணும் தெரியுமாப்பா?” என்று காதருகே ஒரு குரல் கேட்டது. யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்காரரை லாரியில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வழக்கு இப்போது நடக்கிறது. குற்றம் வண்டிக்காரர் மேல்தான் என்று தீர்ந்துவிட்டால் செத்த மாட்டுக்கும் போன காலுக்கும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. குடித்துவிட்டு ஓட்டுகிறவனைச் சட்டம் இன்னும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும், லைசென்ஸைப் பிடுங்க வேண்டும் என்றெல்லாம் நான் கல்லூரியில் கத்திக்கொண்டிருக்கிறேன். கரி பிடிக்கும் வரை டிரைவர் வண்டியைவிட்டு நகரக்கூடாது என்று பஸ் முதலாளிகளிடம் கேட்கவும் சிநேகிதர்களோடு கிளம்பியிருக்கிறேன். ஆனால் வக்கீல் சொல்வது ஒன்றேதான்: “ஒரு சாட்சி போதாதப்பா.”

ஆகவே நாளைக் காலை சிம்மக்கல்லுக்குப் போகிறேன். அந்த ஜவுளிக்கடைக்காரர் துரத்தலாம். துரத்தினால் மறுநாளும் போய் நிற்பேன். அவர் கெட்டவர் அல்ல. கால் நசுங்கிய மனிதருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். தண்ணீர் கொடுக்க ஓடிய மனிதருக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வராமலா போய்விடும் என்கிற நம்பிக்கை ஒன்றைத்தான் அந்தக் கரையிலிருந்து நான் எடுத்து வந்திருக்கிறேன்.