புரட்டாசியில் பட்டினி கிடந்த தவளைகள்

தவளையைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று ஃபோனில் கேட்டுவிட்டு அப்பா சிரித்தார், நிறுத்தவே இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் வயலில் மழை விட்டதும் அதுகள் போடுகிற கூச்சலில் டிவி சத்தம் கேட்காது. அந்த ஊர்க்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

வாங்கினது நான் இல்லை, என் வீட்டுக்காரர். 2009 என்று ஞாபகம். குழந்தை இல்லையென்று சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கும் அந்தம்மா, பார்க்கலாம், காத்திருங்கள் என்றே சொல்லி அனுப்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். வழியில் ஒரு கலர் மீன் கடை. விறுவிறுவென்று உள்ளே போனவர், தண்ணீர்க் கவரில் இரண்டு தவளைகளோடு வெளியே வந்தார். கட்டைவிரல் அளவுதான் இருந்தன. ஆப்பிரிக்கத் தவளையாம். தரைக்கே வராதாம், மூச்சு விட மட்டும் தண்ணீருக்கு மேலே வருமாம். கடலூர் வீட்டு ஹாலில் ஏற்கெனவே கப்பி மீனும் மோலி மீனும் விட்ட தொட்டி ஒன்று இருந்தது. அதிலேயே விடலாம், மீன் தின்று மிச்சம் வைப்பதைத் தின்றுகொள்ளும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

மீனாவது, மிச்சம் வைப்பதாவது! தவளைக்குக் கண் சரியாகத் தெரியாது. வாசனை பிடித்து அது வந்து சேர்வதற்குள் மோலிகள் துடைத்து வைத்துவிடும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் கதைதான். பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மேலே வந்து மூச்சு வாங்கச் சிரமப்படாமல் இருக்கத் தண்ணீர் மட்டத்தைக் குறைத்தேன். தாவி வெளியே விழாதபடி மூடியின் இடுக்கை அடைத்தேன். உடைந்த பூந்தொட்டியில் பாதியைக் கவிழ்த்து வீடு கட்டிக்கொடுத்தேன். முதலில் ஒரு மூலையில் மீனுக்குத் தீவனம் போட்டு அதுகளை அங்கே இழுத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் உயிருள்ள சிவப்புப் புழுவை உறிஞ்சி, தவளையின் மூக்குக்கு நேராக விடுவேன். அது கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் லபக்கென்று கவ்வி, இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளும். எனக்கு அதுகள்மேல் பாசம் வந்துவிட்டது, இதைச் சொல்ல என்ன வெட்கம்?

புழு டப்பா ஃப்ரிட்ஜில் இருக்கும். புரட்டாசி பிறந்ததும் அதுதான் வம்பாகிவிட்டது. எங்களோடு இருந்த அத்தை, அதாவது மாமியார், அந்த மாசம் முழுக்கச் சுத்த சைவம். மீன் குழம்புச் சட்டிகூடப் பரணுக்குப் போய்விடும். அந்த வருஷம் கெடுபிடி இன்னும் ஜாஸ்தி. எனக்குப் பிள்ளை பிறக்கவேண்டும் என்று ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, மாசம் முடிகிற வரைக்கும் வீட்டுக்குள் கவுச்சி வாடையே வராது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். டப்பாவைப் பார்த்ததும் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். “உனக்காவத்தாம்மா வேண்டியிருக்கேன்” என்றார் மெதுவாக. ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டேன்.

மீனாகவும் பன்றியாகவும் வந்தவருக்குப் புழுவா பெரிசு என்று இவர் கேலி பண்ணி, அம்மாவிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். மாடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் குடியிருந்தது. அந்த அக்கா சிரித்துக்கொண்டே டப்பாவைத் தன் ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றுவதாகவும் சொன்னாள். இப்படியாக எங்களோடு சேர்த்துத் தொட்டிக்கும் விரதம் வந்தது.

மீன் தீவனத்தையே தவளைக்கும் போட்டேன். கவ்வும், துப்பிவிடும். போகப்போக இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்தது. மாடி ஏறி டப்பாவை எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எனக்குப் பயம். வேண்டுதல் கெட்டுப்போனால்? எனக்குப் பிள்ளை வேண்டும், வயிறெல்லாம் அந்த ஆசைதான். அத்தைமேல் கோபம் வரும், பெருமாள்மேல் வரும், கடைசியில் எதுவும் செய்யாமல் தொட்டி முன்னால் நிற்பேன்.

மூன்றாவது சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைத்தோம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அத்தை தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். உள்ளே ஒரு தவளை, வாயில் ஒன்றும் இல்லாமலே, இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன பண்ணுது அது என்று கேட்டார். பசி, சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பண்ணுகிறது என்றேன்.

அத்தை பொங்கலை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தார். முட்டி வலிக்காரர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது புழு டப்பா கையில் இருந்தது, முந்தானையால் பிடித்திருந்தார்.

“வாயில்லாத ஜீவனப் பட்டினி போட்டு எனக்கு ஒண்ணும் பேரப்புள்ள வேணாம். ஊட்டு.”

வேண்டுதல் என்னாவது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

சிரிஞ்சில் விட்ட முதல் புழுவை ஒரு மோலி கவ்விக்கொண்டு போனது. அத்தை பக்கத்தில் நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டி, அந்தாண்ட போ என்று மோலிகளை விரட்டினார். இரண்டு தவளைகளும் வயிறு உப்புகிற வரைக்கும் தின்றன. அத்தை குளித்துவிட்டு வந்து விளக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினாரோ தெரியாது.

அந்த வருஷம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை, அடுத்த வருஷமும் இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஜாதகம் என்றார்கள், என் உடம்புவாகு என்றார்கள். அத்தைக்கும் எனக்கும் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒரு சண்டையில்கூட, வாய் தவறிக்கூட, அவர் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னதில்லை.