மேல் தட்டில் பெண் எலிகள்

1996 ஜூன்: தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் பகுதியிலிருந்த எங்கள் ஆய்வகத்தில் எலிச் சோதனை தொடங்கியது. எல்லா எலிகளும் பாறைத் தூசியைச் சுவாசித்தன. பாதிக்குச் சாதாரணத் தீவனம். பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த தீவனம்.

செப்டம்பர்: நுரையீரல் திசுவில் எம்.டி.ஏ. அளக்கப்பட்டது. ஆக்சிஜனேற்றத்தால் செல்லின் கொழுப்பு சிதைந்ததைக் காட்டும் பொருள் அது. வைட்டமின் தின்ற ஆண் எலிகளில் எம்.டி.ஏ. குறைந்தது. பெண் எலிகளில் குறையவில்லை.

அக்டோபர்: பெண் எலிகளைக் கைவிடுமாறு இயக்குநர் கூறினார்.

1. கூட்டத்தில்

சோதனையை வடிவமைத்தவர் டாக்டர் யசோதரா. அவர் என் மனைவி; இதை நான் எழுதுவதற்கு ஓராண்டு முன் காலமானார். திசுப் பகுப்பாய்வு என் பொறுப்பு.

"பொம்பளை எலிக்கு வைட்டமின் வேஸ்ட்டும்மா. ஆம்பளை டேட்டாவ மட்டும் வெச்சு ரிப்போர்ட்ட முடிங்க. அடுத்து தொழிலாளிங்களுக்கு வைட்டமின் மாத்திரை குடுக்கறதும் ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்" என்றார் இயக்குநர்.

"பாறை அரைக்கிற மில்லைக் கூட்டுற பொம்பளைங்களும் அதே தூசியைத்தானே சார் முழுங்கறாங்க?" என்று கேட்டார் யசோதரா.

"நானா வேணாங்கறேன்? எலி சொல்லுது. அதுங்களுக்கு ஹார்மோன் சைக்கிள் வேற. நாலு நாளைக்கு ஒரு மூடு."

"உங்களுக்குத் தினம் ஒரு மூடு சார். உங்களை நாங்க கைவிட்டுட்டமா?"

முதலில் சிரித்தவர் இயக்குநர்தான். இன்னொரு சுற்றுக்கு அனுமதி கிடைத்தது. அதிலும் இதே முடிவு வந்தால் மாத்திரைப் பட்டியலில் பெண்கள் இருக்கமாட்டார்கள் என்பதையும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

2. விலங்கு அறையில்

மறுநாள் யசோதரா விலங்கு அறையில் நெடுநேரம் நின்றார். டியூப் லைட்டுக்கு நேர் கீழே, ரேக்கின் மேல் தட்டுகளில், பெண் எலிகள் மட்டுமே இருந்தன. நிழல் விழுந்த கீழ்த் தட்டுகளில் ஆண் எலிகள் மட்டுமே. இருபாலையும் கலந்து அடுக்கும்படிதான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

பராமரிப்பாளர் தாஸ் ஸ்கெலட்டன் தொழிலாளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். சுரங்கத்தில் ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவர்.

"இன்னா தாஸண்ணா, யாரு இப்பிடி மாத்தி வெச்சது?"

"நான்தான் மேடம். மைன்ல லிஃப்ட்டுக் கேஜுல கீழ எறங்கறது ஆம்பளைங்கதானே? நம்ம மைன்ல ஒரு பொம்பளையையும் அண்டர்கிரவுண்டுக்கு உட்டதில்ல. அதான் பொண்ணுங்கள மேல வெச்சேன்."

"இது எலிக் கேஜு அண்ணா."

"கேஜுன்னா கேஜுதான் மேடம்."

அவருடைய முகத்தில் குறும்பு துளியும் இல்லை. யசோதரா கோபிக்கவில்லை.

"சரி. இனிமே இதுங்களுக்கு ஷிஃப்ட் போடுங்க. வாரம் ஒரு லெவல். ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும்."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்று தாஸ் உடனே கூண்டுகளை இறக்கத் தொடங்கினார்.

மேல் தட்டுத் தீவனத்தைப் பகுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் வைட்டமின் ஈ பெருமளவு சிதைந்திருந்தது. பெண் எலிகள் தின்றது பெயரளவுக்கான வைட்டமின்.

3. இரண்டாம் சுற்று

கூண்டுகள் தட்டு மாறி மாறிச் சுழன்றன. இம்முறை பெண் எலிகளிலும் எம்.டி.ஏ. குறைந்தது, ஆனால் ஆண் எலிகளில் குறைந்த அளவுக்கு இல்லை. ஆகவே பால் வேறுபாடு மெய்தான். சாதாரணத் தீவனம் தின்ற எலிகளை ஒப்பிட்டபோது அதன் காரணமும் ஓரளவு புலப்பட்டது. அங்கேயும் பெண் எலிகளின் எம்.டி.ஏ. ஆண்களுடையதைவிடக் குறைவு. அவற்றின் உடலே முன்கூட்டித் தற்காத்துக்கொண்டிருந்தது. குறைப்பதற்கு மிச்சம் இருந்ததே கொஞ்சம்.

"பெண்ணுக்குப் பயனில்லை" என்பதும் "பெண்ணுக்குச் சிதைவு குறைவு" என்பதும் வெவ்வேறு முடிவுகள். இளைய ஆய்வாளர்கள் இதை மனத்தில் கொள்க: இரு பாலையும் வையுங்கள், இரண்டுக்கும் தொடக்க அளவைத் தனித்தனியே பாருங்கள், எண்களை நம்புமுன் அறைக்குள் போய் நில்லுங்கள்.

இயக்குநர் அறிக்கையை முழுமையாக ஏற்றார். மில் பெண்களின் பெயர்களும் மாத்திரைப் பட்டியலில் ஏறின. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது, ஆய்வகமும் நீடிக்கவில்லை.

செய்யாமல் நின்றவை:

- சினைப்பை நீக்கிய பெண் எலிகளில் இதே சோதனை. காப்பது ஹார்மோன்தானா என்பது அதில் தெரிந்திருக்கும்.
- சினைச் சுழற்சி நின்ற முதிய பெண் எலிகள்.
- ஆய்விதழுக்கான கட்டுரை. செய்முறையும் முடிவுகளும் என் பங்கு, எழுதிவிட்டேன். விவாதப் பகுதி யசோதராவின் பங்கு.