எண்பத்தஞ்சுக்கு வெச்ச மணி

லேப்டாப் ரிப்பேர்க்காரன்கிட்ட வர்ற கேஸ்ல முக்கால்வாசி ஒரே வியாதிதான்: "தானா ஆஃப் ஆயிடுதுங்க." வேற என்ன, சூடுதான். திருவண்ணாமலை வெயில்ல நமக்கே மண்டை காயுது, ப்ராசஸருக்குக் காயாதா? அதனால வர்ற மெஷினுக்கெல்லாம் உள்சூடு எத்தனை டிகிரின்னு காட்டற சாஃப்ட்வேரைப் போட்டுத்தான் அனுப்புவேன். என்னை மாதிரி பிரஷ்ஷும் கையுமா காலம் தள்றவங்களுக்குத் தெரியும், அந்த நம்பர் இறங்கினாத்தான் நமக்கு சோறு இறங்கும்.

கற்பூரப் புகை

குருக்கள் ஒருத்தர் வெளிநாட்டு பக்தர்களுக்கு வீடியோவுல பூஜை பண்ணுவார். அவர் லேப்டாப் ஆன் பண்ணதுமே தொண்ணூத்தெட்டு டிகிரி. கழட்டினா ஃபேன் பூரா கரியும் விபூதியும். "சாமி, கற்பூரத்தைக் கொஞ்சம் தள்ளிக் காட்டக் கூடாதா?"ன்னு கேட்டேன்.

"தள்ளிக் காட்டினா அமெரிக்காவுல இருக்கறவாளுக்குத் தெரியாதேப்பா!"

தினேஷோட லேப்டாப்

கீழ்பென்னாத்தூர்ல இருந்து மல்லிகாம்மா பஸ் ஏறி வந்தாங்க, லேப்டாப்பை மடியில கட்டிப் புடிச்சுக்கிட்டு. அவங்க பையன் தினேஷோடது. கல்யாண வீடியோ எடிட் பண்ற புள்ள, போன வருஷம் டெங்கு ஜுரத்துல போயிட்டான். மல்லாட்டைக் கொல்லையில, வேர்க்கடலைச் செடிங்களுக்கு நடுவுல நின்னு, அவன் சிரிச்சுக்கிட்டே பேசற வீடியோ ஒண்ணு அதுல இருக்கு. தினமும் அதைப் போட்டுப் பார்ப்பாங்க. பாதியில மெஷின் அணைஞ்சுடுது. பழசாச்சும்மா, படத்தையெல்லாம் உங்க போன்ல ஏத்தித் தர்றேன்னு சொன்னேன்.

"போன்ல அவன் கை படலியேப்பா."

மணி

ஃபேனை மாத்தி, ப்ராசஸர் மேல சூட்டை இழுக்கற பேஸ்ட் தடவி, அறுபதுக்கு இறக்கினேன். எண்பத்தஞ்சு தாண்டினா மணி அடிக்கற மாதிரி செட் பண்ணேன். "மணி அடிச்சா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே குளிர வைங்கம்மா"ன்னேன். அணைச்சு வைங்கன்னுதான் நான் நெனச்சது. அதை வாயைத் திறந்து சொல்லல, பாவி. அவங்க திரையில அந்த நம்பரைத் தொட்டுக் காட்டினாங்க.

"எவ்ளோ சூடுன்னு இதுவே சொல்லிடுமா? அவன் 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா'ன்னே மூணு நாளு படுத்துக் கெடந்தான்."

ஈரத்துணி

சித்திரை வெயில்ல திரும்ப வந்தாங்க. பையில இருந்து தண்ணி சொட்டுது. லேப்டாப்பைச் சுத்தி ஈரத்துண்டு. மணி அடிச்சதும், ஜுரக்காரன் நெத்தியில போடற மாதிரி, துணியை நனைச்சு கீபோர்டு மேல போட்டிருக்காங்க. மெஷின் அணைஞ்சதும் சூடு எறங்குதுன்னு நெனச்சு, இன்னொரு தடவை நனைச்சுப் போட்டிருக்காங்க.

போர்டு மொத்தமும் போச்சு. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வீடியோவைக் காப்பாத்திட்டேன், ஆனா அந்தம்மா கேட்டது அது இல்லியே. செத்துப் போன போர்டை மேசை மேல வெச்சேன். அவங்க என் முகத்தைப் பார்த்தாங்க.

"அவனுக்குத்தான் லேட் பண்ணிட்டேன். இதுக்கு மணி அடிச்ச உடனே போட்டுட்டேன்ப்பா."

இப்பவும் வர்ற மெஷினுக்கெல்லாம் மணி வெச்சுத்தான் அனுப்பறேன், ஆனா "அணைச்சு வைங்க"ன்னு மூணு தடவை சொல்றேனே தவிர, "குளிர வைங்க"ன்னு யார்கிட்டயும் சொல்றதில்லீங்க.