அண்ணாவின் படகுக்குப் பெயின்ட் அடித்தது

என் அண்ணா இருபத்தெட்டு வருஷம் கொழும்புத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்க்கிற படகு. அவர் ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பாடு என்று அண்ணி போன் எடுத்துச் சொன்னபோது, என்ன கொடுப்பதென்று எனக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு படகைப் பிளாஸ்டிக்கில் செய்து கொடுப்பது.

நான் பத்து வருஷமாகப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாதிரி விமானங்களும் லொறிகளும் செய்கிறவள். கொள்ளுப்பிட்டியில் கந்தோர் வேலை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மேசையில் இருந்தால் உலகம் மறந்துபோகும். ஆனால் அதுவரை எல்லாவற்றுக்கும் தூரிகைதான். ஒரு முழ நீளப் படகுக்குத் தூரிகை பிடித்தால் கோடு கோடாகத் தெரியும் என்று, முதல்தடவையாக ஸ்ப்ரே டின் வாங்கினேன்.

படகை ஒட்டி முடித்து, மழை விட்ட கையோடு பல்கனியில் நின்று அதன் உடலுக்குக் கறுப்பு அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் சாம்பல் பூத்ததுபோல வெளிறிக் கிடந்தது. துடைத்தேன், போகவில்லை. என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஏசி பஸ்ஸில இருந்து இறங்கேக்க என்ர மூக்குக்கண்ணாடியில ஆவி படியுமே, அப்பிடி இருக்கு" என்றார்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஃபிளாட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை மட்டும்தான். மழை ஈரத்தோடு அந்தக் கடல் காற்று, காய்கிற பெயின்டில் பிடித்துவிட்டது. இரண்டு நாள் காத்திருந்தேன். நல்ல வெயில் எறித்த ஒரு மத்தியானம், அதே கறுப்பைத் தள்ளி நின்று மெல்லிசாகத் தூவினேன். வெளிறல் என் கண் முன்னாலேயே கரைந்துபோனது. சந்தோஷத்தில் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தச் சந்தோஷத்தோடு புகைபோக்கியோடு சேர்ந்த மேல்கூண்டுக்கு வெள்ளை அடிக்க, அது வேறு விதமாகச் சதி செய்தது. பெயின்ட் சில இடங்களில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நின்றது. மீன் கண்போல ஏழெட்டுக் குழி. டின்னில்தான் பிழை என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். பிறகு வட்டங்களைக் கிட்டக் கொண்டுவந்து வடிவாகப் பார்த்தேன். என் விரல்கள் பிடித்த இடங்கள் அவை. அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, கொண்டையை முடிந்த கையோடு வந்து அதைத் தூக்கியிருந்தேன்.

"தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது, படகுக்கு இல்லை" என்றார் இவர். அவருக்கு அன்று முழுக்க அதே சிரிப்பு.

நன்றாகக் காய விட்டு, மெல்லிய சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் குழி மறையும்வரை தேய்த்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்பில் கழுவினேன். கையுறை போட்டுக்கொண்டு, ஒரே தடவையில் மூடிவிட அவசரப்படாமல், மூன்று மெல்லிய பூச்சாக அடித்தேன். முட்டைக் கோது மாதிரி வந்தது.

ஞாயிறு சாப்பாட்டுக்கு முன்னமே அண்ணாவின் கையில் கொடுத்தேன். அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, புகைபோக்கியில கறுப்புப் பட்டி எங்க?"

"அப்பிடியொண்டு இருந்ததே?"

"இருந்தது. நானே எத்தனை தரம் அடிச்சனான்!"

அண்ணி அவரை அதட்டினாள். "ஆசையாக் கொண்டுவந்த பிள்ளையிட்டப் பிழை பிடிக்கிறீங்களே?"

எனக்கோ கோபமே வரவில்லை. கறுப்பு டின் என் பையில் இருந்தது. வழியில் உரசுப்பட்டால் திருத்தலாமென்று கொண்டுவந்திருந்தேன். மாஸ்கிங் டேப் அவருடைய மேசை லாச்சியிலேயே இருந்தது. பட்டிக்கு இடம் விட்டு மேலும் கீழும் டேப்பை ஒட்டி, மற்றதையெல்லாம் பழைய பேப்பரால் சுற்றினோம். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி விட்டேன், பெயின்ட் உள்ளே ஊறாமல் இருக்க. முற்றத்து வெயிலில் அண்ணாதான் அடித்தார்.

டேப்பை எப்போது உரிப்பதென்று எங்களுக்குள் வாக்குவாதம். நன்றாகக் காயட்டும் என்றார் அண்ணா. முழுக்கக் காய்ந்தால் ஓரம் பிய்ந்து வரும் என்றேன் நான். அவர் விட்டுக்கொடுத்தார். மெதுவாக, மடக்கி மடக்கி உரித்தேன். கோடு கத்தியால் வெட்டியதுபோல இருந்தது.

அடியிலிருந்த வெள்ளை டேப்போடு கொஞ்சமும் பெயரவில்லை. அண்ணா படகை மதிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்காத மனுஷன், பட்டி காய்கிறவரைக்கும், கப்பலை இழுக்கையில் கயிறு அறுந்த ஒரு நாளைப் பற்றிக் கதைத்துக்கொண்டேயிருந்தார். அண்ணி சோறு ஆறுது என்று மூன்று தரம் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.