டச்சிங்காரர் மனைவியின் மோவாய்

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. "டச்சிங்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். படம் எடுப்பது முதலாளியின் வேலை. எடுத்த முகத்தைப் பார்க்கிற மாதிரி ஆக்குவது இவர் வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரு பக்கம் தூக்கிய தோள் எல்லாம் இவர் கம்ப்யூட்டருக்குள் போனால் காணாமல் போய்விடும். வழுக்கையில் மட்டும் முடி முளைக்க வைக்க மாட்டார். "அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். ஆள் இன்னார் என்று அடையாளம் தெரியவேண்டும், ஆனால் அவர் நன்றாகத் தூங்கி எழுந்த நாள் போலத் தெரியவேண்டும். அதுதான் அவருடைய கணக்கு. திறமைசாலிதான், சும்மா சொல்லக்கூடாது.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவியின் மோவாய் இடது பக்கம் கோணல்.

சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தவள். தாடை மூட்டில் பட்ட அடியை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலும்பு தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் வளராமல் நின்றுபோய், மோவாய் அங்கேயே இழுத்துக்கொண்டது. வாய் ஒரு ஸ்பூன் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். கொட்டாவி விட முடியாது. ஆப்பிளைக் கடித்துத் தின்றதாக நினைவே இல்லை. பஸ் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் அவளுக்கு வேலை. கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியே, பல்லைத் திறக்காமலே நாள் முழுக்கப் பதில் சொல்வாள். வழக்கமாக வருகிறவர்களுக்குப் புரியும். புதிதாக வருகிறவர்கள், "என்னம்மா, வாய்க்குள்ளயே பேசறே?" என்று எரிந்து விழுவார்கள். "ஏழாம் நம்பர் மேடைன்னு சொன்னேன். காதைக் கொண்டாங்க" என்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

கல்யாண ஆல்பத்தில்தான் அது ஆரம்பித்தது. புது மாப்பிள்ளை, தன் கல்யாணப் படங்களைத் தானே சரி செய்ய உட்கார்ந்தார். மனைவியின் மோவாயைக் கொஞ்சமே கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினார். ஆசையாகத்தான் செய்தார். ஆனால் ஒரு தடவை செய்துவிட்டால் அடுத்த படத்திலும் செய்தாகவேண்டும், இல்லையென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூடத்தில் மாட்டிய படம், ரேஷன் அட்டைப் படம், பாஸ்போர்ட் படம் என்று அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது.

அவள் கேட்காமல் இல்லை. "ஏங்க, கண்ணாடியில பாத்தா கோணலா இருக்கு. போட்டோவில அவ்வளவா தெரியல. எதுங்க நிஜம்?"

"கண்ணாடி இடம் வலம் மாத்திக் காட்டும்ல? போட்டோதான் நிஜம். ஊர்ல எல்லாரும் பாக்குற முகம் அதுதான்."

"அப்ப என் அண்ணன் போன்ல எடுத்தது?"

"போன் லென்ஸ் அப்படித்தான் ஒரு பக்கமா இழுக்கும். அதெல்லாம் ஒரு படமா?"

தொழில் தெரிந்தவர் சொன்னால் யார் மறுப்பது? அவள் நம்பினாள். கேலிக்கூத்து என்னவென்றால், சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை மூட்டைத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் அது மறுபடியும் பூட்டிக்கொண்டது. முன்னைவிட மோசம். வலி காதுவரை ஏறியது. மாத்திரையைப் பொடி செய்து தண்ணீரில் கரைத்துத்தான் விழுங்கவேண்டியிருந்தது. "இனிமே செயற்கை மூட்டுதான் வைக்கணும். அது இங்க முடியாது" என்று டாக்டர் கையை விரித்தார். கடல் தாண்டி வேறொரு நாட்டில் அதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருப்பதாகச் சொல்லி, மூட்டை மட்டும் எடுத்த ஸ்கேனை அங்கே அனுப்பினார். அவள் முகத்தின் படங்களையும் அவர்கள் கேட்டார்கள். நேரே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, பல்லைக் கடித்தபடி ஒன்று.

முகப் படம் எடுப்பதில் இவருக்கு யாராவது சொல்லித்தரவேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு, விளக்கையெல்லாம் போட்டு, பிரமாதமாக எடுத்தார். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஒரு படத்தை எடுத்தபடியே வெளியே விடுவது அவருக்குக் கை கழுவாமல் சாப்பிட உட்காருவது மாதிரி. மோவாயை நேராக்கி, கன்னத்தைச் சமன் செய்து, அனுப்பிவிட்டார். செய்தோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அட, என்ன மனுஷனோ!

பதில் சீக்கிரமே வந்தது. மூட்டை மாற்றினால் போதும், முகம் நேராக இருப்பதால் தாடை எலும்பை வெட்டி நகர்த்தவேண்டிய அவசியம் இல்லை, புறப்பட்டு வரலாம்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவுண்டரில் நீண்ட லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் விட்டுவிட்டார்.

"என்னங்க அப்படிப் பாத்தான்?"

"அவன் வேலை அது" என்றார் டச்சிங்காரர். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் அறை. ஒல்லியாக இரண்டு கட்டில்கள், ஒரு மின்சாரக் கெட்டில். ஜன்னலைத் திறந்தால் சலவைக் கடையின் வெந்நீர் ஆவி முகத்தில் அடிக்கும். மறுநாள் காலையில் டாக்டரைப் பார்த்தார்கள். நெட்டையான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஆஸ்பத்திரியே ஒரு பெண்ணை வைத்திருந்தது. சுவரில் பெரிய திரை. அதில் மனைவியின் நேர்முகப் படம்.

டாக்டர் திரையைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"படத்துல இருக்கறது உங்க தங்கச்சியான்னு டாக்டர் கேக்கறாங்க."

மனைவி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவ்வளவு பெரிதாகத் தன் முகத்தை அவள் பார்த்ததில்லை. பக்கத்திலேயே கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது. அதையும் பார்த்தாள். கையால் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். டச்சிங்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பழக்கதோஷத்துல... நான்தான்..."

"கல்யாண ஆல்பம்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ம்."

"கூடத்துல மாட்டியிருக்கறது?"

"ம்."

"பாஸ்போர்ட்டு?"

"ம்."

மாற்றிச் சொல்லும் பெண் கடமை தவறாமல் ஒவ்வொன்றையும் டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரும் நோயின் பூர்வீகத்தைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். நீங்க வேற யாரையோ பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள். இதை அந்தப் பெண் மாற்றிச் சொல்லவில்லை.

டாக்டர் விஷயத்தை விளக்கினார். மூட்டை மாற்றினால் வாய் திறக்கும், வலி போகும். முகம் நேராகவேண்டும் என்றால் தாடையையும் வெட்டித் திருப்பவேண்டும், அது ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. எதுவானாலும் குறித்த தேதியிலேயே செய்துவிடலாம். ஆனால் உதட்டுக்கு உணர்ச்சி தருகிற நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் போகிறது. சிலருக்குக் கீழுதடு மரத்துப்போய் அப்படியே நின்றுவிடுவதுண்டு. மூட்டு மட்டும் போதுமா, இரண்டுமா? முடிவு அவளுடையது.

டச்சிங்காரர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் வெளியே போய் நின்றார். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது. புதிய ஸ்கேனும் புதிய படங்களும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் போட்டோக்காரர் இவரைக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். அறைக்குத் திரும்பிய பிறகும் அவள் சொல்லவில்லை. பால் சூடாக்கித் தந்தால் குடித்தாள், மாத்திரை கரைத்துத் தந்தால் குடித்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "என்ன முடிவு பண்ணே?" என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது. எதை விரும்புவது என்றும் அவருக்குப் புரியவில்லை. நேராகவேண்டும் என்று நினைத்தால், உதடு மரத்துப்போனால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. வேண்டாம் என்று நினைத்தால், தன்மேல் உள்ள கோபத்தில்தான் அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாளோ என்று இருந்தது.

ஆபரேஷன் அன்று மாற்றிச் சொல்லும் பெண் அவரைக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார வைத்தாள். என்ன ஆபரேஷன் என்று அவளிடம் கேட்டார். "அவங்க சொல்லவேண்டாம்னுட்டாங்க. மூட்டு மட்டும்னா மதியத்துக்குள்ள கூப்பிடுவாங்க" என்றாள். மதியம் வந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டார்கள், இவரைக் கூப்பிடவில்லை. வெயில் தரையில் நகர்ந்து எதிர்ச் சுவரில் ஏறியபோது அவருக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் அழுகை வந்தது. முன்பின் தெரியாத நாலு பேர் நடுவே உட்கார்ந்து அழுதார்.

அப்புறம் வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவள் முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர் உருளைக்கிழங்கை மசித்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்துக் கன்னத்தின் ஓரமாக விட்டார். வழிந்தால் அவளுக்கு இடது உதட்டில் தெரியவில்லை. அவர் துடைத்துவிட்டார். வீக்கம் வடிய வடிய மோவாய் நடுவில் வந்து நின்றது. தான் திருத்திய படத்தைப் போல இருக்குமென்று எதிர்பார்த்தார், அப்படி இல்லை. இவர் அதுவரை பார்க்காத ஒரு முகம் அது. அவள் கண் மட்டும் பழைய கண்ணாகவே அவரைப் பார்த்தது. ரப்பரைக் கழற்றிக் கழற்றிப் பயிற்சி செய்யச் சொன்ன பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் கடைசியாக டாக்டரைப் பார்க்கப் போனார்கள். உதட்டில் பாதி உணர்ச்சி திரும்பியிருக்கிறது, மீதியும் வரும் என்றார். கையுறை போட்ட மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவள் பற்களுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். தாராளமாக நுழைந்தன. திறப்பு குறையாமல் இருக்கிறதா என்று வீட்டில் தினமும் இப்படிச் சோதிக்கவேண்டுமாம். கணவரையும் ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

டச்சிங்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மூன்று விரல்களை அடுக்கி, பயந்து பயந்து உள்ளே விட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கடித்தாள்.

டாக்டர் பதறிப்போய் ஏதோ கத்தினார். "இப்ப கடிக்கக் கூடாதுங்க, விட்டுடுங்க!" என்றாள் மாற்றிச் சொல்லும் பெண். மனைவி விடவில்லை. விரலைக் கவ்விக்கொண்டே கேட்டாள்.

"என் மோவாய் கோணலா இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு" என்றார் அவர்.

"ரொம்பவா?"

அவருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "ரொம்ப."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே இங்க வைத்தியத்துக்கு வந்திருப்பேன்ல?"

அவள் விரலை விட்டுவிட்டு, வாய்விட்டு அழுதாள்.