மோட்டார் கொட்டகையின் சுவிட்ச்

மே மாதம் வந்தாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டில் பகலில் மின்விசிறி போட்டால் அனல்தான் இறங்கும். ஐந்து வயது மகளை அதற்குள் அடைத்து வைக்க முடியாமல், போன வருஷம் விழுப்புரத்தைத் தாண்டிக் காணை ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய கூட்டம் விழுப்புரம் வரைக்கும் என் காலை மிதித்துக்கொண்டே வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாரையாவது கடித்துக் குதறத் தயாராக இருந்தேன்.

ஆள் கிடைத்தது. அண்ணன்தான்.

அவன் கரும்புக் கொல்லையில் ஒரு போர்வெல். மோட்டார் ஓடினால் தடித்த குழாய் வழியாகத் தண்ணீர் ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழுந்து வயலுக்குப் போகும். விவசாயத்துக்கு விடும் மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. அதனால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் மோட்டார் கொட்டகையில் ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால், கரண்ட் வந்த நொடியில் மோட்டார் தானாக ஓடும். விவசாயி வீட்டில் படுத்துத் தூங்கலாம். தண்ணீர் இல்லாத நேரத்தில் அந்தத் தொட்டிதான் பிள்ளைகளின் விளையாட்டு வீடு. வேப்பமர நிழல் வேறு.

போன முதல் நாளே பார்த்தேன். அண்ணன் மகன்கள் இரண்டு பேரும் என் மகளும் காய்ந்த தொட்டிக்குள் இருந்தார்கள். என் மகள் குழாயின் வாயில் முகத்தை வைத்து "ஊ" என்று கத்திக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தத் தொட்டி எனக்கு நெஞ்சளவு, அவளுக்குத் தலைக்கு மேல்.

"ண்ணா, பசங்க உள்ள இருக்கசொல்ல கரண்ட் வந்தா இன்னா ஆவறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாதும்மா. நாமளும் இதே தொட்டியிலதானே ஆடிக்கினு இருந்தோம்."

"அப்போ ஆட்டோ இருந்துச்சா? அப்பா பக்கத்துல நின்னு கையால போட்டாரு. நீ வூட்ல குறட்டை வுட்டுக்கினு இருக்கே."

"டவுன்ல இருந்து வந்தா எல்லாத்துக்கும் பயம்தான்" என்றாள் அண்ணி, மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே. பிள்ளைகள் இப்படித்தான் வளரும், நாங்களெல்லாம் வளரவில்லையா என்று ஆரம்பித்தாள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆகாது. வளராமல் போனவர்கள் எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம் இது. முகத்துக்கு நேராகவே சொன்னேன். அன்று ராத்திரி சோறும் வேண்டாம் என்றுவிட்டேன்.

அண்ணன் இறங்கி வந்தான். ஆட்டோவை அணைத்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம், கரண்ட் வரும் போதெல்லாம் வெயிலில் கொல்லைக்கு நடந்துபோய், தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையால் மோட்டாரைப் போட்டான். நான் அதிலும் விடவில்லை. தினமும் கொட்டகைக்குப் போய்ச் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, அணைந்திருந்தாலும் ஒரு சொல் குத்திவிட்டுத்தான் வருவேன்.

நாங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. அண்ணன் விக்கிரவாண்டிக்கு ஏதோ வேலையாகப் போயிருந்தான். ஒரு வாரத்து அழுக்குத் துணி குவிந்து கிடந்தது. சாயந்திர பஸ்ஸுக்குள் தொட்டித் தண்ணீரில் துவைத்துக் காயவைக்க வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று வெயிலில் காத்துக் கிடக்க என்னால் ஆகாது. கொட்டகைக்குள் போனேன். ஆட்டோவைப் போட்டேன். நான்தான். மோட்டார் சத்தம் கேட்டதும் வந்துவிடலாம் என்று, மீதித் துணியை எடுக்க வீட்டுக்குப் போனேன்.

நான் போன பிறகு பிள்ளைகள் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார்கள். தண்ணீர் வந்தால் நிறையட்டும் என்று வெளியேறும் ஓட்டையைச் சாக்கால் அடைத்திருக்கிறார்கள். என் மகள் குழாய் வாயில் முகத்தை வைத்து "ஊ" என்றிருக்கிறாள். கரண்ட் வந்துவிட்டது.

தண்ணீர் அவளைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த அண்ணி அலறல் கேட்டு ஓடிவந்து, தொட்டிக்குள் குதித்து அவளை அள்ளியிருக்கிறாள். நான் வந்தபோது அண்ணியின் புடவை முழுக்க ரத்தம். என் மகள் இருமி இருமித் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள்.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவனைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

"ஆட்டோவைப் போடாதேன்னு தலையால அடிச்சிக்கினேனே! என் பொண்ணைக் கொன்னிருப்பியேடா!"

அவன் நின்றான். காலையில் போகும்போது சுவிட்ச் அணைந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவனுக்குத் தெரியாதா? அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"தப்புதாம்மா" என்றான்.

அந்தப் பெருந்தன்மைக்காகவே அவனை நான் ஒரு வருஷம் வெறுத்தேன். என் கணவர் போனில் அவனைக் கண்டபடி திட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மே மாதம் அவனே கூப்பிட்டான். "ஆட்டோ பொட்டியையே கழட்டிட்டேம்மா. பாப்பாவைக் கூட்டிக்கினு வா." போனோம். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது என் மகள் நெற்றித் தழும்பைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நீங்க ஆட்டோ போட்டுட்டுப் போனதாலதானே எனக்கு அடிபட்டுச்சு? அம்மா சொல்லிச்சு."

அண்ணியின் கையில் இருந்த கரண்டி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் பார்க்கவில்லை.

"ஆமா கண்ணு, மாமாதான்" என்றான்.

அந்த நேரம் பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது. பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டபடி அவன் வெயிலில் இறங்கி நடந்தான். உண்மை என் தொண்டை வரைக்கும் வந்தது.

"இன்னாடி வாயைப் பாத்துக்கினு இருக்கே, சோறு ஆறுது, துன்னு" என்று மகளை அதட்டினேன்.