என்ன ரகம் போட்டிருக்கீங்க?

எங்க பக்கம் ரெண்டு பேர் சந்திச்சா, சாப்டீங்களான்னு கேக்கறதுக்கு முன்னாடி "என்ன ரகம் போட்டிருக்கீங்க?"ன்னுதான் கேப்பாங்க. பஸ்ல, டீக்கடையில, எழவு வீட்டுல கூட. கேட்டா சொல்லணும். சொல்லலைன்னா, பெரிய மனுஷன் ஆயிட்டாருப்பான்னு பேராயிடும். நெல்லு ரகத்தை யாரும் ஒளிச்சு வெச்சதே கெடையாது. ஒளிக்க என்ன இருக்கு, வயல்ல நிக்குதே! இப்பல்லாம் அந்தக் கேள்வி காதுல விழுந்தாலே, கேட்டது யாருன்னு நான் திரும்பிப் பாக்கறேன்.

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. மூணு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ். பட்டா நகல், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்துக்கு முன்பதிவு, காலேஜ் விண்ணப்பம்னு நாள் முழுக்க கூட்டம் இருக்கும். எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு வேணும். இன்னிக்கு வெச்சுட்டுப் போவாங்க, அடுத்த மாசம் வந்து தலையச் சொறிவாங்க. எனக்குக் கோவம் மூக்கு மேல வரும். "பெத்த புள்ள பேரை மறப்பீங்களா? இதை மட்டும் எப்படி மறக்கறீங்க?"ன்னு கத்துவேன். என் குரல் வேற, பஸ் ஸ்டாண்டுல டிரைவருக்குக் கேக்கும்.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எழுத்தும் வேணும், நம்பரும் வேணும்னு மெஷின் கேக்குது. எழுத்தும் நம்பருமா எங்க ஊர்க்காரன் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றது நெல்லு ரகந்தானே? ஆடுதுறை 43, ஆடுதுறை 36, கோயம்புத்தூர் 51. ரகத்தோட பேரை இங்கிலீஷ்ல அடி, முதல் எழுத்தைப் பெருசாப் போடு, நடுவுல ஒரு அட் (@), கடைசியில நம்பர். மெஷினே பச்சைக் கோடு காட்டி, பலமான பாஸ்வேர்டுன்னு சொல்லும். அன்னிலேருந்து என் கடைக்கு வந்த யாரும் மறந்தேன்னு சொன்னதில்ல. அந்த போகத்துக்கு என்ன போட்டிருக்காங்களோ அதுதான் பாஸ்வேர்டு. ஆகா, நம்ம மூளையே மூளைன்னு எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு வருஷம் குறுவை சமயத்துல ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. பக்கத்துக் கிராமம். அவரோட அப்பா காலம் வரைக்கும் ஊரான் வயல்ல நடவு, அறுப்புன்னு கூலிக்குப் போன குடும்பம். இவர் காலத்துல மூணு மா, ஒரு ஏக்கர் நெலம், சொந்தமா வாங்கி, பக்கத்து வயல் போர்த் தண்ணியில குறுவையும் போட்டிருந்தார். பொண்ணு பன்னெண்டாவதுல நல்ல மார்க். அரசு வேளாண்மைக் காலேஜ்ல சேரணும், அதைத் தவிர வேற எதுவும் வேணாம்னு நின்னுச்சு. "நம்ம ஊருக்கு வர்ற விதை ஆபீசர் மாதிரி ஆவணும்க்கா, ஆனா வயலுக்குள்ள இறங்குற ஆபீசர்" அப்படின்னுச்சு. போன வருஷத்துக் கட்-ஆஃப் எடுத்துப் பார்த்தேன். தாராளமாக் கெடைக்கும். அவங்க அப்பாகிட்ட சொன்னப்ப அவர் துண்டால முகத்தைத் தொடைச்சுக்கிட்டார்.

பாஸ்வேர்டு வைக்கிற இடம் வந்துச்சு. அந்தப் பொண்ணு, "அக்கா, நானே ஒண்ணு வெச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. "உனக்கு எதுக்கு அந்த வேலை, மறந்துட்டு அழுவறதுக்கா? அப்பாவுக்கும் ஞாபகம் இருக்கணும்ல?"ன்னு நான்தான் அடக்குனேன். அவர் பக்கம் திரும்பி, "என்ன ரகம் போட்டிருக்கீங்க?"ன்னேன். "ஆடுதுறை நாப்பத்தி மூணுங்க"ன்னார். "பெரிய ஏ போட்டு ஆடுதுறைன்னு அடி, அட் போடு, நாப்பத்தி மூணு போடு" அப்படின்னு கடைக்கே கேக்கற மாதிரி நான் சொல்ல, அது அடிச்சுது. அவங்க போன்ல பாதி நாள் ரீசார்ஜ் இருக்காதுங்கறதால, ஓடிபி வர்றதுக்கு என் கடை நம்பரையே குடுத்தோம். பாதி ஊருக்கு அந்த நம்பர்தான்.

அன்னிக்கு ஓர மெஷின்ல ஒருத்தர் உக்காந்திருந்தார். நாப்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோள்ல பை, பை நிறைய வழவழன்னு காலேஜ் நோட்டீசு. தனியார் காலேஜுக்கு ஆள் சேக்கறவர்னு பாத்தாலே தெரிஞ்சுது. ரெண்டு மூணு நாளா வந்து பிரிண்ட் எடுப்பார், கேக்காமலே ரூபா நோட்டை நீட்டுவார், எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுவார். நல்லவர்னும் நம்ப முடியல, கெட்டவர்னும் துரத்த முடியல. பாம்புன்னு அடிக்கவும் முடியாம, பழுதைன்னு தாண்டவும் முடியாத மாதிரி ஒரு ஆள். அவர் எல்லார்கிட்டயும் கேட்டது ஒரே கேள்விதான்.

"அண்ணே, இந்த போகம் என்ன ரகம்?"

கேட்டவுடனே சொன்னாங்க. வெளியூர்க்காரர் நம்ம வெள்ளாமையப் பத்தி விசாரிக்கிறாரேன்னு சந்தோஷம் வேற. நானே ஒரு நாள், "சார் நம்மூரு ஆளாவே ஆயிட்டாரு"ன்னு கிண்டல் பண்ணிச் சிரிச்சேன்.

காலேஜ் விருப்பப் பட்டியல் போட மூணு நாள் குடுத்திருந்தாங்க. மொத நாள் காலையில பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு வந்து, அரசுக் காலேஜ் எல்லாத்தையும் வரிசையாப் போட்டு சேமிச்சுட்டுப் போச்சு. மறுநாள் வரிசையச் சரிபாக்க வந்தப்போ, பக்கத்தோட மேல் மூலையில பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. கடைசியா உள்ள நுழைஞ்ச நேரம்னு போட்டு, முந்தின நாள் மத்தியானம் ரெண்டு நாப்பதுன்னு காட்டுச்சு.

"அக்கா, நான் காலையிலதானே வந்தேன்?"

எனக்கும் அது சரியாப் படல. ஆனா கடையில பத்துப் பேர் நிக்கறாங்க. "சர்வர் கோளாறா இருக்கும், அது எந்தக் காலத்துல ஒழுங்கா நேரம் காட்டிருக்கு"ன்னு சொன்னேன். "இப்பவே பூட்டிடலாமாக்கா?"ன்னு கேட்டுச்சு. பூட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது. "எதுக்கு அவசரம், மனசு மாறுனா என்ன பண்றது? நாளைக்குச் சாயந்தரம் அதுவே பூட்டிக்கும்" அப்படின்னேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் நான் வேணாம்னேன்.

மூணாம் நாள் மத்தியானம் வழக்கம்போல பின்னாடி இருக்கற வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். எங்க ஊர்ல கடைய இழுத்து மூடிட்டா சாப்பிடப் போவோம்? யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம். அன்னிக்கு உள்ள அவர் ஒருத்தர்தான் இருந்தார். முந்தின ரெண்டு நாளும் அவர்தான். "சார், கொஞ்சம் கடையைப் பாத்துக்குங்க"ன்னேன். "போயிட்டு வாங்கம்மா, நான் இருக்கேன்"ன்னார். கடை போன் மெஷினுக்குப் பக்கத்துல சார்ஜ்ல இருந்துச்சு, திரை மேல பாத்தாப்புல. நான் வரும்போது, எடுத்த பிரிண்ட்டுக்கு உண்டான காசை மேசை மேல வெச்சுட்டு அவர் கெளம்பிட்டிருந்தார். மறுநாள்லேருந்து வரவே இல்ல.

ஒதுக்கீடு வந்த அன்னிக்கு அப்பாவும் பொண்ணும் ஸ்வீட் பொட்டலத்தோட வந்தாங்க. பிரிச்சு எனக்கு ஒண்ணு குடுத்துட்டுத்தான் பாக்கணும்னு அவர் சொன்னார். நான் வாயில போட்டுக்கிட்டே திறந்தேன். ஏதோ ஒரு தனியார் காலேஜ், நாங்க பேரே கேள்விப்படாதது, ஒரு பகல் பயண தூரம். திரும்பத் திரும்பத் திறந்தேன். விருப்பப் பட்டியலைப் பாத்தா அரசுக் காலேஜ் ஒண்ணு கூட இல்ல. முதல் மூணு இடமும் தனியார். பூட்டுன நேரம், மூணாம் நாள் மத்தியானம் ரெண்டு ஐம்பது.

"நான் இதைப் போடலக்கா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அப்புறம் மெதுவா, "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?"ன்னுச்சு. அந்த ரெண்டாவது கேள்விதான் என்னைக் கொன்னுச்சு.

கடை போனை எடுத்துப் பாத்தேன். நூத்துக்கணக்கான ஓடிபிக்கு நடுவுல அந்த நேரத்துல ஒண்ணு. மொத நாள் ரெண்டு நாப்பதுக்கும் ஒண்ணு. பூட்டியிருந்த திரை மேலயே பளிச்சுன்னு எண் தெரிஞ்சிருக்கும். என் மெஷின்ல பதிவு நம்பரோட மொத எழுத்தைத் தட்டுனா மீதியை அதுவே போட்டுக் குடுக்கும், வேலை சுலுவாகட்டும்னு நான்தான் சேமிச்சு வெச்சிருந்தேன். பாஸ்வேர்டு? அதான் தெருவுக்கே கேக்க நான் கத்தியிருந்தேனே. ரகத்தை மட்டும் அந்த நோட்டீசுக்காரர் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா போதும். சண்டாளன், ஒரு பூட்டைக் கூட உடைக்கல.

காலேஜ் சேர்க்கை நடத்தறவங்களுக்குப் புகார் எழுதிப் போட்டோம். சரியான பாஸ்வேர்டும் ஓடிபியும் குடுத்து பூட்டுனதை மாத்த முடியாதுன்னு பதில் வந்துச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். விசாரிச்சுட்டு அந்த எஸ்.ஐ. என்னைப் பாத்துச் சொன்னார்: "உங்க கடை மெஷின்லேருந்துதான்மா மாத்தியிருக்கு." சொல்லிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தார். வேலியே பயிரை மேஞ்ச கதைன்னு அவர் நெனைக்கறது எனக்குப் புரிஞ்சுது. அந்த அப்பா எழுந்து நின்னு, "அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க"ன்னார். எஸ்.ஐ. அவர் பக்கம் திரும்பி, "பாஸ்வேர்டை நீங்க யாருக்காவது சொன்னீங்களா?"ன்னு கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க. ஒரு ஆளுக்குக் கூடச் சொல்லல."

அவர் பொய் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சு அவர் சொல்லவே இல்ல. வெளியில வந்து பஸ்ஸுக்கு நிக்கும்போது நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். நான் வெச்சுக் குடுத்த பாஸ்வேர்டு, என் குரல், என் போன், அந்த ஆளு கேட்ட கேள்வி. தப்பு பூரா என்னோடதுங்கன்னு அழுதேன்.

"ரகம் சொன்னதுக்காங்க?"ன்னு அவர் கேட்டார். "ரகம் கேட்டா சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

அந்தப் பொண்ணு அந்தத் தனியார் காலேஜுக்குப் போகல, போற வசதியும் இல்ல. பக்கத்துல ஒரு கலைக் கல்லூரியில கணக்கு எடுத்துப் படிக்குது. சில நாள் பஸ் ஸ்டாண்டுல பாப்பேன், சிரிக்கும். திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மெஷின்ல சேமிச்சதெல்லாம் அழிச்சேன். போன் பூட்டியிருந்தா திரையில எண் தெரியாத மாதிரி வெச்சு, இடுப்புலயே சொருகிக்கிட்டேன். வர்றவங்களை அவங்கவங்க கையாலயே, என்கிட்டயே சொல்லாம, புதுசு வைக்கச் சொல்றேன். சாப்பிடப் போனா கடைய மூடிட்டுத்தான் போறேன், ஊர்ல திமிருங்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா எத்தனை பேருக்கு நான் அந்த ரகப் பாஸ்வேர்டு வெச்சுக் குடுத்தேன்னு எனக்கே கணக்குத் தெரியாது. பஸ்ல போகும்போது ரெண்டு பக்கமும் பச்சையா நிக்குதே வயலு, முன்னல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். இப்ப ஒவ்வொரு வயலும் தன் பாஸ்வேர்டை ரோட்டைப் பாத்து சொல்லிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. அந்த ஆளு இன்னிக்கு எந்த ஊர்ல, யாரு கடையில உக்காந்து விசாரிக்கிறானோ தெரியாது.

சம்பா நடவு முடிஞ்சு ஒரு நாள் அந்த அப்பா பயிர்க் காப்பீட்டுக்கு வந்தார். என்னைய விட்டுட்டு வேற கடைக்குப் போவார்னு நெனைச்சேன், போகல. வரிசையில அவருக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் நின்னார். ரெண்டு பேரும் ஒரே வாய்க்கால் பாசனம், ரொம்ப வருஷப் பழக்கம். பெரியவர் சும்மா பேச்சு வாக்குல கேட்டார், "என்னப்பா, சம்பாவுக்கு என்ன ரகம் போட்டிருக்க?"

எனக்குப் பதில் தெரியும். மானிய விதைக்கு அவருக்கு விண்ணப்பம் போட்டதே நான்தான். சி.ஆர். ஆயிரத்தி ஒம்பது.

அவர் கையில இருந்த காகிதத்தை மடிச்சுக்கிட்டார். என் பக்கம் பாக்கல.

"வெள்ளைப் பொன்னிங்க"ன்னார்.